எனூக்கி சொன்ன பெயர்கள்

எங்கள் ஊர் வரைபடத்துக்கு அதிகமாக இடப்பெயர் சொன்னவன் எனூக்கிதான். அதில் பாதி அவனே கட்டிவிட்டது என்று எனக்குச் சந்தேகம் இருந்தது.

எனூக்கி என் தங்கை ரூத்தியின் கணவன். வேட்டைக்குப் போகிறவர்கள் பொதுவாக அளந்து பேசுவார்கள். இவன் அப்படியில்லை. சீல் என்ற கடல்நாய் மூச்சுவிட மேலே வரும் பனித்துளைக்குப் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்தான் வாயை மூடுவான் என்று ரூத்தி சொல்வாள். மற்ற நேரமெல்லாம் யாரையாவது சீண்டிக்கொண்டே இருப்பான். மனைவியின் அக்கா என்பதால் என்னைச் சீண்டுவதை ஒரு கடமையாகவே வைத்திருந்தான்.

படம் போடும் வேலை என் தலையில் வந்து விழுந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அரசாங்கப் படத்தில் எங்கள் வடதுருவக் கரையோரம் முழுக்க யாரோ கப்பல் தலைவர்களின் பெயர்கள், அவர்கள் மனைவிமாரின் பெயர்கள். எங்கள் ஊரான சியூராக்கில் பிறந்த ஒருவரும் அந்தப் பெயர்களைச் சொல்லி எங்கேயும் போய்ச் சேர்ந்ததில்லை. நம்முடைய இடப்பெயர்களையும், பனிமேல் நாம் போய்வரும் பாதைகளையும் வைத்து நாமே ஒரு படம் போடலாம் என்று ஊர்மன்றம் முடிவு செய்தது. நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கையெழுத்து நன்றாக இருக்கும், யாரோடும் சண்டைக்குப் போகமாட்டேன். "சிப்போராவே செய்யட்டும்" என்றார்கள்.

சமுதாயக் கூடத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் பெரிய தாளை விரித்து வைத்தோம். தேநீரும் ரொட்டியும் வைத்தால் போதும், ஊரில் பாதி வந்துவிடும். ஆண்கள் சறுக்குவண்டிப் பாதைகளைச் சிவப்புப் பென்சிலால் இழுத்தார்கள். பெண்கள் முட்டை பொறுக்கும் தீவுகளையும் பழம் பறிக்கும் சரிவுகளையும் காட்டினார்கள். ஒரே பெயர் மலைக்கா, மலையடியில் இருக்கும் குடாவுக்கா என்று மணிக்கணக்கில் வாக்குவாதம் நடக்கும். தகராறு முற்றினால் எலிசாப்பி அத்தை பெஞ்சில் தட்டி, "ரெண்டுக்கும் போடு, தாள்ல இடமா இல்ல?" என்று முடித்துவைப்பாள்.

ஊருக்குத் தெற்கே ஒரு சின்ன மொட்டைக் குன்று இருக்கிறது. அதன் பெயரை எங்கள் அம்மா காலத்திலேயே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பாதிரியார் காதில் விழக்கூடாது என்று 'அந்தக் குன்று' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். உண்மையான பெயர் உசுஆர்ஜுக். சின்னக் குறி என்று அர்த்தம். எனூக்கி அதைச் சொன்னபோது கூடமே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு பெயரை மட்டும் எழுதினேன்.

"அர்த்தத்தையும் எழுது மதினி," என்றான். "வெளியூர்க்காரன் யாராவது பெரிசா நினைச்சுக்கிட்டு வந்து ஏமாந்துடக் கூடாது."

அவன் சொன்ன பெயர்களை நான் தனித்தனியாக மற்றவர்களிடம் கேட்டுச் சரிபார்த்தேன். எல்லாம் இருந்தன. ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. யாருக்கும் தெரியாத ஒரு சின்னக் கால்வாய்க்கு 'அவள் பேசிமுடிக்காத இடம்' என்று பெயர் சொல்லியிருந்தான். அது எங்கள் அம்மாவைப் பற்றி அவன் கட்டியது. நான் அழித்தேன். அவன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

அந்த வசந்தத்தில் படத்தில் எங்கள் கரை முழுக்க நிறைந்துவிட்டது. கிழக்கே பாமியுயாக் என்ற முனையோடு எங்கள் பெயர்கள் நின்றுபோயின. வால் போல நீண்டு கடலுக்குள் கிடக்கும் அந்த முனைக்கு அப்பால் கங்கிக்சுக் ஊர்க்காரர்கள் வேட்டையாடும் கரை. எங்கள் ஆட்கள் அங்கே போவதில்லை. தாளில் அந்தப் பக்கம் கரையின் கோடு மட்டும் இருந்தது.

மே மாதம் இரவு என்று ஒன்று எங்களுக்கு இல்லை. வெளிச்சம் இருக்கும்வரை வேட்டை என்றால் எப்போதும் வேட்டைதான். எனூக்கி உறைந்த நீரிணையைத் தாண்டிப் பனியின் விளிம்புக்கு சீல் வேட்டைக்குப் புறப்பட்டான். ஊரில் எல்லோரும் போகும் பாதைதான். எங்கள் படத்தில் சிவப்பில் தடித்த கோடாக இருப்பது அதுதான், ஏனென்றால் ஒவ்வொருவரும் வந்து அதன்மேலேயே ஒருமுறை இழுத்தார்கள். ஜூன் கடைசிவரை அந்தப் பனி அசையாது. முந்தின வாரம்கூட அவன் அதில் போய்வந்திருந்தான். அன்று காலையில் என் வீட்டு வாசலில், சறுக்குவண்டியைப் பின்னால் கட்டியிருந்த பனிவண்டியை நிறுத்தி, தேநீர்க் குடுவையை நிரப்பித் தரச் சொன்னான். ரூத்தி போடும் தேநீரில் சர்க்கரை போதாதாம். நிரப்பிக் கொடுத்தேன்.

வடமேற்கிலிருந்து காற்று எழுந்தது அன்று பிற்பகல். காற்றோடு பெரிய கடல் ஓதமும் சேர்ந்துகொண்டது.

நான் கூடத்தில் படத்தோடு இருந்தேன். எங்கள் வீடுகளில் எப்படியோ அப்படித்தான் கூடத்திலும், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ரேடியோ எந்நேரமும் திறந்தே இருக்கும்; வேட்டைக்குப் போகிறவர்கள் கையிலும் ஒன்று இருக்கும். யார் வீட்டில் மீன் இருக்கிறது, யாருடைய நாய் அவிழ்த்துக்கொண்டு ஓடியது என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. நடுவில் எனூக்கியின் குரல் வந்தது.

"மதினி, அந்தப் படம் பக்கத்துல இருக்கா?"

ஏதோ கிண்டலுக்கு அடிபோடுகிறான் என்று நினைத்து, இருக்கிறது, என்ன வேண்டும் என்றேன்.

"நான் ஆவ்பலுக்துக்குக்கு நேரா நிக்கிறேன். செவப்புப் பாறை நல்லாத் தெரியுது. ஆனா அது நகருது."

எனக்குப் புரியவில்லை. பாறை எப்படி நகரும் என்று கேட்டேன்.

"பாறை நகரல. நான்தான் நகர்றேன்," என்றான். குரலில் விளையாட்டு இல்லை. "பனி பிளந்துருச்சு. பனிவண்டி தண்ணிக்குள்ள போயிருச்சு. சறுக்குவண்டியும் கூடாரமும் நானும் இருக்கோம். ரூத்திகிட்ட நீயே போய்ச் சொல்லு, ரேடியோவுல கேட்டுத் தெரிஞ்சுக்க வேணாம்."

ஆனால் ஊரே கேட்டுவிட்டது. நான் கதவைத் திறப்பதற்குள் ரூத்தி எதிரே வந்துகொண்டிருந்தாள். கையில் சீல் தோல் சுரண்டும் ஊலுக் கத்தி அப்படியே இருந்தது.

ஊரில் தேடுதல் குழுவுக்குத் தலைவர் நத்தான். அமைதியான மனிதர். அவர் முதலில் கேட்டது, ஜி.பி.எஸ். கருவி எங்கே என்று. அது பனிவண்டியின் பெட்டியில் இருந்தது, வண்டியோடு போய்விட்டது. எனூக்கியிடம் மிஞ்சியது ரேடியோவும் கண்ணும்தான். அதனால் நத்தான் ஒரு ஏற்பாடு செய்தார். மின்கலம் தீராமல் இருக்க எனூக்கி எப்போதாவது மட்டும் பேச வேண்டும். பேசும்போது எதிரே தெரியும் இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். நான் அதைப் படத்தில் கண்டுபிடித்து, அது இருக்கும் இடத்தை எண்களாக மாற்றி, தொலைபேசியில் ஹெலிகாப்டர் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு எங்கள் பெயர்கள் தெரியாது, எண்கள்தான் தெரியும்.

இப்படியாக அந்தப் படத்தை முதன்முதலாக உபயோகித்தோம்.

அவன் பெயர் சொல்வான். நான் குண்டூசி குத்துவேன். நிலையத்தில் இருந்த மனிதர் மரியாதையாகப் பேசினார், எண்களைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார், பிறகு ஒவ்வொரு முறையும் ஒரே விஷயத்தைச் சொன்னார். தங்கள் பக்கம் மூடுபனி இறங்கியிருக்கிறது, எங்கள் பக்கமும் அப்படித்தான் என்று வானிலை சொல்கிறது, விலகிய உடனே கிளம்புவோம். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடே தெரியவில்லை.

நத்தானும் ஆட்களும் ஒரு படகைச் சறுக்குவண்டியில் ஏற்றி, புதிதாக உடைந்த விளிம்புவரை இழுத்துப் போனார்கள். அங்கே பனியும் இல்லை, தண்ணீரும் இல்லை. உடைந்த பனி கூழாகக் கலங்கி, மேலும் கீழும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததாம். அதன்மேல் நடந்தால் ஆள் உள்ளே போய்விடுவான். படகை இறக்கினால் துடுப்பு நகராது, எஞ்சின் அடைத்துக்கொள்ளும். இறக்கியும் பார்த்திருக்கிறார்கள். படகு தன் நீளத்துக்குக்கூடப் போகவில்லை. நனைந்த உடையோடு திரும்பி வந்தார்கள். கூடத்துக்குள் நுழைந்தபோது யாரும் ரூத்தி இருந்த பக்கம் பார்க்கவில்லை.

ரூத்தி ரேடியோவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லா வீட்டிலும் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேசிக்கொள்ள முடியும்? அவள் கேட்டது ஒன்றுதான்.

"காலுறை காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கு."

"மாத்துறதுக்கு இன்னொரு ஜோடி பைக்குள்ள அடியில வெச்சிருக்கேன்."

"பாத்தேன். போட்டுக்கிட்டேன்."

ஒவ்வொரு முறையும் அதையேதான் கேட்டாள். ஒவ்வொரு முறையும் அவன் பொறுமையாகப் பதில் சொன்னான்.

மூடுபனி இடையிடையே கிழியும்போது அவனுக்குக் கரை தெரியும். பனிப்பாளம் கரையை ஒட்டியே தெற்காகப் போய், பிறகு கிழக்கே திரும்பியது. உவிலுக்தூக், சிப்பி எடுக்கும் இடம், தாண்டிவிட்டது. இத்தில்லிக், படகைத் தோளில் தூக்கி மறுபக்கத் தண்ணீருக்குக் கடக்கும் ஒடுங்கிய நிலம், தாண்டிவிட்டது. அங்கே கரையில் நத்தானின் ஆட்கள் காத்திருந்தார்கள். மூடுபனியில் அவனை அவர்களால் பார்க்க முடியவில்லை. துப்பாக்கியால் சுட்டார்கள், அவனும் பதிலுக்குச் சுட்டான். சத்தம் வலமிருந்து இடமாகப் போனதைத்தான் கேட்டார்கள். என் தம்பி ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருந்தான்.

அடுத்த முறை எனூக்கி பேசியபோது முதலில் காலுறைக் கேள்விக்குப் பதில் சொன்னான். பிறகு, "மதினி, அந்தக் குன்றைப் படத்துல போட்டிருக்கியா?" என்றான்.

எந்தக் குன்று என்று எனக்குத் தெரியும். போட்டிருக்கிறேன் என்றேன்.

"நேர் எதிர இருக்கு. கடல்லேருந்து பாத்தா அப்படி ஒண்ணும் சின்னதா இல்ல. பேரை மாத்திடு."

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ரேடியோவில் மற்ற வீடுகளிலிருந்தும் சிரிப்பு ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. எலிசாப்பி அத்தை அங்கியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரூத்தியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எழுந்து வெளியே போனாள். நான் பின்னாலேயே போனேன். சுவரில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள். குளிர்கிறது, உள்ளே வா என்றேன். வந்தாள்.

உள்ளே வந்ததும் குன்றுக்கான எண்களைத் தொலைபேசியில் சொன்னேன். அந்த மனிதர் திருப்பிச் சொன்னார்.

மறுநாள் அவன் பாமியுயாக்கைத் தாண்டினான். குரல் ஏற்கெனவே மெலிந்து, இடையிடையே விட்டுவிட்டு வந்தது. முனை தனக்குப் பின்னால் போய்விட்டது என்றான். இப்போது எதிரே என்ன தெரிகிறது என்று நத்தான் கேட்டார்.

"செங்குத்தா ஒரு பாறை. நடுவுல வெள்ளையா ஒரு கோடு மேலேருந்து கீழ வரைக்கும் போகுது. பேரு தெரியல."

நத்தான் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். அங்கே கரைக்கோட்டைத் தவிர எதுவும் இல்லை. கூடத்தில் இருந்த எல்லோரும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள், ஏதோ உற்றுப் பார்த்தால் பெயர் தெரிந்துவிடும் என்பது போல. ஒருவருக்கும் தெரியவில்லை.

கங்கிக்சுக்குக்குத் தொலைபேசி போட்டோம். அந்த ஊர் ரேடியோவைக் கவனித்துக்கொண்டிருந்தவள் ஆர்னாகாக் என்ற பெண். உரக்கப் பேசுகிறவள். நான் பாறையைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை, அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"கிலாக்சிமாவ். அது எங்க கிலாக்சிமாவ்தான். வெள்ளைக் கோடு பறவை எச்சம். நாங்க அங்கதான் முட்டை எடுக்கப் போவோம். இங்க ஓதம் இறங்கிக்கிட்டு இருக்கு. அந்தப் பக்கமா வர்ற பனி எல்லாம் நுவுக்லுக்கை ஒட்டித்தான் வெளிய போகும். அந்த முனை ஊர்லேருந்து தூரம் இல்ல. ஆளுங்களை அனுப்புறேன். நீ போனை வெச்சிடாத."

நான் வைக்கவில்லை. எங்கள் ரேடியோவில் எனூக்கியின் குரல் அன்று நின்றுபோனது; நடுவில் மலைகள் வந்துவிட்டன. ஆனால் கங்கிக்சுக்கில் கேட்டது. ஆர்னாகாக் தொலைபேசியைத் தன் ரேடியோவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். அதன் வழியாக அவன் குரல் எங்களுக்குத் தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவது போல வந்தது. ரூத்தி தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள். நான் அவள் தலையோடு தலைவைத்துக் கேட்டேன்.

அந்த ஊர் ஆட்கள் நுவுக்லுக் முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூடுபனி கொஞ்சம் தூக்கியிருந்தது. அவனைப் பார்த்துவிட்டார்கள். ஆர்னாகாக் அதைச் சொன்னதும் கூடத்தில் பெஞ்சுகள் கிறீச்சிட்டன, எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கறுப்பாக ஒரு கூடாரம், பக்கத்தில் ஒரு ஆள். கையசைக்கிறான். சுடாமலேயே, தொலைநோக்கி வைக்காமலேயே தெரிகிறான்.

அவனும் அவர்களைப் பார்த்தான். "எத்தன பேரு வந்திருக்கீங்க?" என்று கேட்பது எங்களுக்கும் கேட்டது. "செவப்பு அங்கி போட்டிருக்கிறது யாரு?"

அது யோவானாசி என்று ஆர்னாகாக் சொன்னாள். தன் அக்கா பையன் என்றாள்.

"நல்ல கலரு. தூரத்துலேருந்து நல்லாத் தெரியுது. இன்னும் கொஞ்சம் அசையச் சொல்லு."

யோவானாசி அங்கியைக் கழற்றி வீசிக் காட்டினானாம். பிறகு அவனும் இன்னொருவனும் படகை இறக்கினார்கள். எங்கள் பக்கம் எப்படியோ அங்கேயும் அப்படித்தான் இருந்தது. கூழும் உடைந்த துண்டுகளும். கொஞ்ச தூரம் துண்டுகளைக் கழியால் தள்ளித் தள்ளிப் போயிருக்கிறார்கள். இரண்டு பெரிய துண்டுகள் படகின் பக்கத்தை நெரித்துப் பலகையை உடைத்தன. கயிறு கட்டியிருந்ததால் கரையில் இருந்தவர்கள் அவர்களை இழுத்துக்கொண்டார்கள். யோவானாசி இடுப்புவரை நனைந்துபோனான். ஆனாலும் முனையைவிட்டுப் போகமாட்டேன் என்று ஒரு தோலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

இதையெல்லாம் எனூக்கி பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதும்னு சொல்லு," என்றான். "அந்தப் பையனை மறுபடி இறங்க விடாதீங்க."

ஹெலிகாப்டர் நிலையத்துக்கு வேறொரு தொலைபேசியில் நத்தான் பேசினார். இதோ, ஆள் கண்ணுக்குத் தெரிகிறான், இடத்தின் எண்கள் இவை. அங்கே மூடுபனி இன்னும் விலகவில்லை. கிளப்பிப் பார்த்தார்களாம், திரும்பி வந்துவிட்டார்களாம். அந்த மனிதரின் குரலும் மாறியிருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். நத்தான் எண்களை இன்னொரு முறை சொல்லிவிட்டு வைத்தார்.

முனையில் இருந்தவர்கள் பாசியையும் சீல் கொழுப்பையும் போட்டு நெருப்பு மூட்டினார்கள். எதற்கு என்று அவர்களுக்கே தெரியாது. வெறுமனே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். ஓதம் பனிப்பாளத்தை மெதுவாகத் திருப்பியது. கூடாரம் ஒரு பக்கமாகவும் பிறகு மறுபக்கமாகவும் தெரிந்தது. பிறகு சிறிதானது.

ரூத்தி தொலைபேசியில், தன்னை அவனோடு பேசவிடும்படி கேட்டாள். ஆர்னாகாக் தொலைபேசியையும் ரேடியோவின் பேசும் கருவியையும் வாயோடு வாய் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். ரூத்தியின் குரல் அங்கே போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அதனால் ரூத்தி சொல்வதை ஆர்னாகாக் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் வாயால், அவ்வளவு உரத்த குரலால், என் தங்கை தன் புருஷனிடம் காலுறை காய்ந்திருக்கிறதா என்று கேட்டாள்.

"காயல," என்றான். "பரவால்லனு சொல்லு. நான் ஒக்காந்துதான் இருக்கேன்."

பிறகு கொஞ்ச நேரம் இரைச்சல்தான் வந்தது. மறுபடி அவன் குரல் வந்தபோது, முனையில் ஆட்கள் நிற்கும் இடத்துக்கு என்ன பெயர் என்று ஆர்னாகாக்கிடம் கேட்டான். அவள் நுவுக்லுக் என்றாள். அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"அதை எங்க மதினிகிட்ட சொல்லிடு. அவ படத்துல அந்தப் பக்கம் வெறுமையா கெடக்கு."

அதற்குப் பிறகு நாங்கள் அவன் குரலைக் கேட்கவில்லை. மூடுபனி மறுபடி இறங்கியது. ஆர்னாகாக் நெடுநேரம் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நாங்களும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

வானம் தெளிந்ததும் ஹெலிகாப்டர் வந்தது, விமானமும் வந்தது. திறந்த கடலில் ஒரு பனித்துண்டின்மேல் சறுக்குவண்டியையும் சரிந்த கூடாரத்தையும் கண்டார்கள். இறங்கியும் பார்த்தார்கள். அடுப்பு இருந்தது, பை இருந்தது. துண்டின் ஒரு பக்கம் புதிதாக உடைந்திருந்தது. எனூக்கி இல்லை. இன்னும் சில நாள் தேடினார்கள். பிறகு நத்தான் ரூத்தியின் வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னார். ரூத்தி அவருக்குத் தேநீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை இருந்துவிட்டுப் போனார்.

படத்தை முடிக்கும்படி ஊர்மன்றம் சொன்னது. பாமியுயாக்குக்கு அப்பால் உள்ள பக்கத்தையும் சேர்த்துவிடலாம், கங்கிக்சுக்காரர்களுக்குச் சம்மதம்தான் என்றார்கள். இலையுதிர் காலத்தில் நான் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சிறு விமானத்தில் அங்கே போனேன்.

ஆர்னாகாக் குரலுக்குப் பொருத்தமில்லாத சின்ன உருவம். கட்டிப்பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. அவர்கள் கூடத்திலும் மேசைகளைச் சேர்த்துப் போட்டார்கள், தேநீர் வைத்தார்கள், மலைக்கா குடாவுக்கா என்று சண்டை போட்டார்கள். கிலாக்சிமாவ் எழுதினேன். அதற்குப் பக்கத்துப் பெயர்களை எழுதினேன். முனைக்கு வந்ததும் பேச்சு நின்றது.

நானே நுவுக்லுக் என்று சொல்லிக்கொண்டு எழுதப் போனேன். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு வாலிபன், "அது பழைய பேரு," என்றான். அவன்தான் யோவானாசி. "இப்ப யாரும் அப்படிச் சொல்றதில்ல. தகுன்னார்விக்னுதான் சொல்றோம்."

பார்த்துக்கொண்டு நின்ற இடம் என்று அதற்கு அர்த்தம்.

யார் வைத்தது என்று கேட்டேன். யாரும் வைக்கவில்லை என்றாள் ஆர்னாகாக். அன்று அங்கே நின்றவர்கள் ஊருக்குத் திரும்பி, எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு எல்லோர் வாயிலும் அது வந்துவிட்டது. குழந்தைகள்கூட அப்படித்தான் சொல்கின்றன. "எழுதுறதும் எழுதாததும் உன் தங்கச்சி இஷ்டம்," என்றாள். "நாங்க எங்களைப் பத்தித்தான் சொல்றோம். அவனைப் பத்தி இல்ல."

யோவானாசியின் மனைவி அப்போது நிறைமாதம். ஆண்பிள்ளை பிறந்தால் எனூக்கி என்று பெயர் வைக்கலாமா என்று ரூத்தியிடம் கேட்கச் சொல்லி, அவன் என்னை வெளியே கூட்டிப்போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து ரூத்தியிடம் இரண்டையும் சொன்னேன். பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கு அவள் உடனே சம்மதித்தாள். பிறந்தது ஆண்பிள்ளைதான். அவள் அளவே தெரியாமல் சீல் தோலில் குட்டிக் காலணி தைத்து அனுப்பினாள். தொலைபேசியில் அந்தக் குழந்தை அழுவதைக் கேட்டு, "என் வீட்டுக்காரர் இன்னும் வாயை மூடல," என்று சொல்லிச் சிரித்தாள். எங்கள் வழக்கம் அப்படி. இறந்தவன் பெயரை வாங்கிக்கொண்ட பிள்ளை இறந்தவனேதான்.

ஆனால் இடத்தின் பெயருக்கு அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"அதை எழுதாத அக்கா," என்றாள். "அவங்க நல்லவங்க. என்ன செய்ய முடியுமோ செஞ்சாங்க. எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பேரை நான் படத்துல தெனம் பாக்க முடியாது."

நான் நுவுக்லுக் என்றே எழுதினேன். அவனும் அதைத்தான் சொல்லியனுப்பியிருந்தான். படம் அச்சாகி வந்தது. கூடத்தில் ஒன்று மாட்டினார்கள், பள்ளிக்கூடத்தில் ஒன்று, ரூத்தியின் அடுக்களைச் சுவரில் ஒன்று. கங்கிக்சுக்குக்கும் அனுப்பினோம். நன்றாக இருக்கிறது என்று ஆர்னாகாக் சொன்னாள். முனையைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் ஒரு நாள் நான் ரூத்தியின் வீட்டில் இருந்தேன். அவள் தரையில் அட்டையை விரித்து உட்கார்ந்து, தம்பி கொண்டுவந்து போட்ட சீல் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வட்டார வானொலியில் கங்கிக்சுக்கிலிருந்து பனி நிலவரம் சொன்னார்கள். யாரோ இளம் பெண்ணின் குரல், எனக்குத் தெரியாத குரல். தகுன்னார்விக் பக்கம் பனி பிளந்திருக்கிறது, அந்த வழியாக யாரும் போக வேண்டாம் என்று சொன்னாள். இரண்டு முறை சொன்னாள்.

ரூத்தியின் கை நின்றது. நான் வானொலியை அணைக்க எழுந்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். யாராவது கிளம்புகிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்றாள்.

பிறகு கத்தியைத் துடைத்துவிட்டு மறுபடி சுரண்ட ஆரம்பித்தாள்.

"இந்த வருஷமும் சீக்கிரமே உடைஞ்சிருச்சு போல," என்றாள்.

ஆமாம் என்றேன்.